ஐந்தாவது சுற்று

பயணிகள்: இல்லை.
அந்தப் படிவத்தில் நான் தட்டிய முதற்சொல் அது.

மூன்று பிரதி, நடுவே இரண்டு கார்பன் தாள்.
கோட்டையில் மின்விசிறி நின்றுபோன பிற்பகல்.
றத்மலானையில் எழும்பி,
சக்கரம் தரையைத் தொட்டதும் மறுபடி எழும்பி
நாலு தரம் ஒழுங்காகச் சுற்றியிருக்கிறது.
வானம் தெளிவு. காற்று மெல்லிசு. எண்ணெய் போதும்.
கோபுரத்துக்குக் கேட்ட கடைசிச் சொல்:
"இன்னுமொரு தரம்."
கப்டன் வண்டர்வெல்லா, பழகவந்த இம்தியாஸா,
யாருடைய குரல் என்பதில்
சாட்சிகள் இரண்டுபட்டார்கள்.

பிறகு கடல்.

இணைப்பு ஏழு, மீட்கப்பட்டவை:
வரிசை வரிசையாய் இருக்கைகள்,
ஆளில்லாமல் பட்டி பூட்டியபடி.
ஒரு சப்பாத்து.
லொன்றித் துண்டு, இலக்கம் 212, வெள்ளவத்தை.
என் ஒழுங்கை முடக்குக் கடை.

காரணம் என்ற இடத்துக்கு வந்ததும்
ஐயா எழுந்து யன்னலுக்குப் போனார்.
"நிர்ணயிக்க இயலவில்லை. போடுங்கோ."
அழுத்தித்தான் தட்டினேன்;
மூன்றாம் பிரதி வீட்டாருக்குப் போவது.
அதில் அந்த வரி மட்டும் சரியாக விழவில்லை.
பேசாமல் கையெழுத்து வைத்தார்.

ஆறு மணி ரெயிலில் இறங்கி
லொன்றிக்குள் எட்டிப் பார்த்தேன்.
கம்பியில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை,
தோள்பட்டி இன்னும் தைக்காதது.
"காசு முதலே தந்தவர், மிஸ். ஆளைக் காணேல்லை."
நான் எடுத்துப்போய்க் குடுக்கட்டா என்றேன்.
"துண்டில்லாமல் ஏலாது,"
என்றான்,
மின்னழுத்தியைத் திருப்பி வைத்தபடி.