மூன்று செக்கன்

மல்லாவிப் பால் சேகரிப்பு நிலையத்தின் கூரையில்
கவிழ்த்த பீங்கான்போல நாலு வருசம் ஒட்டிக் கிடந்தது.
கழற்றினேன். பின்னால் இரண்டு பல்லி முட்டை.

திட்டம் முடிந்து, நீட்டு அன்ரனா வாகனம் போனபின்
பெட்டி தன்பாட்டில் விளக்கெரித்துக்கொண்டு நின்றது.
தொடுத்துப் பார்த்தால்
உரிமம் காலாவதி, தலைமைக் கணக்கில் நுழைக என்றது.
தலைமைக் கணக்கு எந்த ஊரில் இருக்கிறதென்று
குணநாயகம் மூன்று கடிதம் போட்டார்.
ஒன்றுக்குப் பதில் வந்தது:
உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.

பிறகுதான் என்னிடம் தந்தார்.

நான் முன்பு வேறு வேலை செய்தவள்.
முகமாலையில், முழங்காலில், கவசத்துக்குள் வியர்த்து,
கம்பியை முப்பது பாகையில் சரித்து
மண்ணைக் குத்தாமல் கேட்கப் பழகியவள்.
நிலம் துப்புரவானது. எங்களையும்
சம்பளப் பட்டியலில் இருந்து துப்புரவாக்கினார்கள்.
இப்போது சந்தையடியில் போன் திருத்துகிறேன்.

மூடியின் ஓரத்தில் பிளாஸ்ரிக் கொக்கிகள்.
அதே சரிவில் கை தானாகப் போய் நின்றது.
மற்றக் கை கவசத்தைத் தேடி நெற்றியைத் தொட்டது.
பக்கத்துக் கடைப் பெடியன் பார்த்தானோ தெரியாது.

பச்சைப் பலகையில் நாலு துளை, பெயர் இல்லை.
எது நிலம், எது சொல்லும், எது கேட்கும்,
மீற்றர் முனையால் தடவிக் கண்டுபிடித்தேன்.
நாலாவதைத் தொடவில்லை. அதில் மின் இருக்கிறது.

கறண்டை நம்ப ஏலாது.
மோட்டார் சைக்கிள் பற்றரியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.
எழுதும் நடுவில் மின் போனால் பெட்டி செத்துவிடும்,
செத்ததைச் செங்கல் என்பார்கள்.
சிரிப்பு வந்தது. செங்கல்தானா?
கடதாசி பறக்காமல் பாரம் வைக்கலாமே.
பிழைத்தால் என்ற சொல்லின் இரண்டு பொருளும்
ஒரே விரற்கடைக்குள் கிடந்த இடத்தில் இருந்து வந்தவள் நான்.
பத்மசீலி கேட்டிருந்தால்
மிச்சக் கையால் வாயைப் பொத்திச் சிரித்திருப்பாள்.

மின் கொடுத்தேன். திரையில் எழுத்து ஓடியது.
நிறுத்த ஏதாவது விசையை அழுத்து: மூன்று.
இரண்டு.
விட்டுவிட்டேன். உரிமம் காலாவதி.
மறுபடியும். மூன்று.
அழுத்தினேன்.
ஓட்டம் நின்றது. ஒரு குறி, பக்கத்தில் வெறும் இடம்,
கண்சிமிட்டிக்கொண்டு.
நாலு வருசத்தில் முதல் தடவை
நீ சொல் என்று அது காத்திருந்தது.

முதலில் பழையதை முழுதாய்ப் பிரதி எடுத்தேன்.
பிடிக்காததுதான். ஆனாலும்
திரும்பும் வழிக்குத் தடி நடாமல்
நான் முன்னே முழங்கால் வைப்பதில்லை.

பிறகு புதியது. யார் யாரோ எழுதியது,
யாரும் திறந்து வாசிக்கலாம்.
இந்தப் பலகைக்கென்றே
எங்கோ ஒருவர் இரா முழித்துப் பத்து வரி சேர்த்திருக்கிறார்.
மல்லாவி எங்கே என்று அவருக்குத் தெரிந்திராது.

அழிக்கிறேன், என்றது. புள்ளி, புள்ளி, புள்ளி.
எழுதுகிறேன், என்றது.
இருபதாவது புள்ளியில் கறண்ட் போனது.
மின்விசிறிகள் ஓய்ந்தன, மா அரைக்கும் ஆலை அடங்கியது,
சந்தை முழுக்க ஒரு "சிக்" சத்தம்.
என் மேசையில் மட்டும்
புள்ளி.
புள்ளி.

எழும்பியதும் கேட்ட முதல் கேள்வி: நாடு?
எவ்வளவு உரத்துப் பேசலாம் என்பது
நாட்டைப் பொறுத்ததாம்.
பட்டியல் நீளம். சுட்டியைக் கொஞ்ச நேரம்
அசைக்காமல் வைத்திருந்தேன்.
பிறகு உள்ளதைத் தெரிந்தேன்.

பின்னேரம் ஏணியில் ஏறிப் பூட்டினேன்,
பல்லி முட்டைக்கு ஒரு விரல் தள்ளி.
பால் கணக்கு போய்ச் சேர்ந்தது என்று இராசமலர் கத்தினாள்.

"இனி ஆரிட்டை அனுமதி கேக்கோணும்?" என்றார் குணநாயகம்.
"ஒருத்தரிட்டையும் இல்லை."
அவர் நம்பவில்லை.
கடவுச்சொல்லை நிலையத்தின் தாளில் எழுதி,
திகதி போட்டு,
றப்பர் முத்திரை குத்திக்கொண்டார்.