இதர செலவு

சாக்பீஸ், டஸ்டர், தண்ணீர் கேன்:
ஆயிரத்து நானூறு என்று எழுதியிருந்தேன்.
எதுவார் சார் எட்டிப் பார்த்து
"ஆறாயிரத்து நானூறுன்னு போடும்மா" என்றார்.
முத்தியால்பேட்டையில் எந்த டியூஷன் சென்டரும்
மாதம் ஐயாயிரத்துக்குச் சுண்ணாம்பு தேய்த்ததில்லை.

அந்த ஐயாயிரம்
செவ்வாய், வியாழன், சனி
காலாப்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும்.
மாடிப்படி நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு
"போன்சுவார்" என்று சொல்லும்.
பெயர் இத்ரிஸா. ஊர் போபோ தியுலாசோ.
வரைபடத்தில் தேடிப் பார்த்தேன், கடலே தொடாத நாடு.
அங்கிருந்து வந்து இங்கே
நம் கிணறுகளுக்குள் கடல் எவ்வளவு தூரம்
ஏறியிருக்கிறது என்று அளக்கிறார்.
உதவித்தொகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை,
அதுவும் நான்காம் மாதத்தில்.
விசாவில் ஒரு வரி உண்டு:
இந்த ஊரில் சம்பளம் வாங்கக் கூடாது.
அதனால் என் பேரேட்டில் அவர்
சாக்பீஸ்.

வகுப்பில் பதினொரு பேர்.
சார்செல்லில் புருஷன் இருக்கும் கோட்டக்குப்பம் ரஹீமா,
இரவு டியூட்டி முடித்துத் தூங்காமல் வரும் நர்ஸ் ஃபிலோமின்,
தேர்வில் இரண்டு தடவை விழுந்த
ஐஸ் கம்பெனி ஞானாதிக்கம்.
எல்லோருக்கும் போக வேண்டும்.
போவது என்ற வினைச்சொல்லை
வந்தவர் ஒருவர்
ஆறு விதமாக எழுதிக் காட்டுகிறார்.
மூக்கில் நிற்க வேண்டிய ஒலி
ஞானாதிக்கத்துக்குத் தொண்டையில் மாட்டுகிறது.
"மீன் முள்ளு மாதிரி துப்பாதீங்கண்ணே, உள்ளயே வைங்க"
என்கிறாள் ரஹீமா.

என் தம்பி லியோன் பக்கம் ஒரு ரொட்டிக்கடையில்.
விடிகாலை மூன்றுக்கு மாவு.
ஞாயிற்றுக்கிழமை யாரோ இரண்டு பிள்ளைகளுக்குக்
கணக்குச் சொல்லித்தருகிறானாம்.
அவர்கள் அம்மா பணத்தைச் சமோசா டப்பாவுக்குள்
வைத்துத் தருவாளாம்.
போனில் சொல்லிச் சிரித்தான்.
அந்த வீட்டுச் செலவுக் கணக்கில் அவன்
வெங்காயமா எண்ணெயா என்று
நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு வியாழன்
ரெயின்கோட்டோடு ஒரு ஏட்டு மாடியேறி வந்தார்.
கீழே சைக்கிள் கடையில் யாரோ வாயை விட்டிருக்க வேண்டும்.
"ஆப்பிரிக்காக்காரர் ஒருத்தர் பாடம் எடுக்கறாராமே?"
எதுவார் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.
ரஹீமாதான் எழுந்து பலகைக்குப் போனாள்.
இத்ரிஸா அவள் இடத்தில் உட்கார்ந்தார்,
முழங்கால் இரண்டும் பெஞ்சுக்கு வெளியே.
பாதி வினைச்சொல்லை அழித்து
அந்த இடத்தில் ஒரு அ எழுதினாள்.
"தமிழ் கத்துக்க வர்றார் சார். காசு கெடையாது."

ஏட்டு சொட்டச் சொட்ட நின்றார்.
"ஏதாவது சொல்லச் சொல்லு, பாப்போம்."

ஃபிலோமின் சிலுவை போட்டுக்கொண்டாள்.
இத்ரிஸா எழுந்தார். தொண்டையைச் செருமி
காலாப்பட்டு பஸ் கண்டக்டரின் அதே குரலில்
"உள்ள போ, உள்ள போ,
உள்ள எடம் இருக்குல்ல" என்றார்.

ஏட்டு சிரித்த சிரிப்பில்
ரெயின்கோட்டுத் தண்ணீர் என் பேரேட்டில் தெறித்தது.
ஒரு டீ குடித்தார்.
போகும்போது படியில் திரும்பி
எட்டாவது படிக்கும் தன் மகளுக்கு
பிரெஞ்சுக்கு மாசம் எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.
யார் எடுப்பார்கள் என்று கேட்கவில்லை.

டீ, பன்னிரண்டு ரூபாய்.
அன்றைய பக்கத்தில்
அது ஒன்றைத்தான் உள்ளபடி எழுதினேன்.

கார்த்திகையில் அந்தப் பெண் சேர்ந்துவிட்டாள்.
எண்ணூறு. ரசீதும் வாங்கிக்கொண்டாள்.
சாக்பீஸ் இன்னும் அதே ஐயாயிரத்தில் நிற்கிறது.
ஐநூறாவது ஏற்றிக் கொடுங்கள் என்று
எதுவார் சாரிடம் சொல்ல வேண்டும்.
நேற்று வாயெடுத்தேன்.
"உன் சம்பளமும் பேசணும்னு இருந்தேன்ம்மா" என்றார்.
பேனாவுக்கு மை போட எழுந்து போய்விட்டேன்.
அது பால்பாயின்ட் பேனா.