கையேட்டுக்கு ஐந்து வரி

"தாழைமுனையின் வரலாறு
ஐந்து வரிக்குள் வேணும், ஜசிந்தா,
படத்துக்குக் கீழே இடம் அவ்வளவுதான்"
என்கிறார் மனேஜர்.
குருநாகல்காரர். நல்ல மனிசன்.
சம்பளத்தை இருபத்தைந்தாம் திகதியே போட்டுவிடுவார்.

எங்கே தொடங்குவது?
சோளகத்தோடு மேற்குக் கரையிலிருந்து
வலையும் சட்டியும் மாதா படமும் ஏற்றிவந்து
வாடி போட்டு, வாடைக்கு முன்னம்
கிடுகைக்கூடக் கழற்றிக்கொண்டு போனவர்களிடமா?
அப்படிப் பார்த்தால் முதல் நாளிலிருந்தே
இது வந்துபோகிறவர்களின் ஊர்.

அல்லது ஓவசியர் கதிர்காமத்தம்பியிடமா?
மனைவிக்கு இழுப்பு.
உப்புக்காற்று நல்லதென்று எந்த வைத்தியனோ சொன்னான்.
பாலம் கட்டி மிஞ்சியதாக அவர் சொன்ன சீமெந்தில்
இரண்டு அறை எழுந்தது.
மனைவி மூன்று நாள் இருந்தா,
மீன் நாற்றமென்று திரும்பிப் போனா.
பூட்டிக் கிடந்த அறைகளை
நாளுக்கு ஒன்றரை ரூபாவுக்கு விட்டபோதுதான்
ஊருக்கு ஒரு பெயர்ப்பலகை வந்தது.

பிறகு வெள்ளிக்கிழமை பஸ்.
வவுனியாக் கிளாக்கர்மார், மாங்குளத்து நேர்ஸ்மார்,
சேலையை முழங்காலுக்குத் தூக்கி
அலைக்கு ஓடி ஓடிச் செருப்பைப் பறிகொடுத்தவர்கள்.
என் பெரியப்பா அவற்றைப் பொறுக்கி விற்றார்.
எல்லாம் ஒற்றை. ஆனாலும் விலைப்பட்டது.
புதுச்சோடிகளுக்கு இரண்டாம் அறை,
அதன் யன்னல்தான் கொளுக்கி பிடிக்கும்.

அறுபத்துநாலில் புயல் கூரையைக் கொண்டுபோனது.
கூரை திரும்பி வந்தது.
எண்பத்துநாலில் பஸ் நின்றது.
பஸ் வரவில்லை.
ஒரு ஞாயிறு காலை கடல் உள்ளே வந்தது.
அதற்கென்று நான் வரி எதுவும் வைத்திருக்கவில்லை.

பிறகு அந்த மாசி, பங்குனி, சித்திரை.
இந்தக் கரை அப்படியொரு கூட்டத்தைக் கண்டதேயில்லை.
கூறைச்சேலையைக் கிழித்துத் தைத்து
மண் நிரப்பிச் சுவர் வைத்தார்கள்.
அறை இரண்டும் நிரம்பி
அறைக்கு வெளியே நிரம்பி
மணலில் ஆள் நீளத்துக்கு ஆள் நீளம் கிடங்கு.
விருந்தினர் புத்தகத்தில்
ஒருவரும் பெயர் எழுதவில்லை.
நானும் இருந்தேன், எட்டு நாள்.
வாடகை கேட்க ஆளில்லை.

இப்போது முப்பத்திரண்டு அறை. ஏசி.
கடல் முன்னால் கிடக்க
அதற்கு முன்னால் ஒரு நீச்சல்குளம்.
பெக்கோ கிண்டியபோது வந்தவை:
மூக்குக்கண்ணாடி ஒன்று,
கேத்தில் மூடி,
செருப்புகள்.
இந்தமுறை சோடியாகவும் இருந்தன.
கொந்துறாத்துக்காரர் மறுநாளே சீமெந்து ஊற்றினார்.

மனேஜருக்கு நாலு வரி கொடுத்தேன்.
அமைதியான கரை. வெள்ளை மணல்.
சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பும்.
நண்டுக்கறி பிரசித்தம்.
எல்லாம் உண்மை.
"ஐந்தாவது?" என்றார்.
நீங்களே எழுதுங்கோ என்றேன்.

வரவேற்பு மேசையின் மூன்றாம் லாச்சியில்
விருந்தினர் மறந்துவிட்டுப் போன பொருட்களுக்கு
ஒரு கொப்பி இருக்கிறது.
போன் சார்ஜர், அறை பதினாறு.
தோடு ஒன்று, அறை ஒன்பது.
அதன் கீழே என் கையெழுத்தில்
மூக்குக்கண்ணாடி, ஒரு வில்லை உடைந்தது.
இடம்: நீச்சல்குளம், ஆழமான பக்கம்.

உரியவர் வந்தால்
ஒப்பம் வாங்கவேணும்.