அறுநூற்றுப் பதினோரு வரிகள்

நியெப்லா என்றால் எங்கள் மொழியில் மூடுபனி.
ஊருக்குப் பெயர் வைத்தவனுக்குக்
கற்பனை போதவில்லை, அல்லது
கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

இங்கிருந்து கோரலுக்குப் படகு.
ஓர் ஆண்டு அரசாங்கம்
கோடைக் கடிகாரத்தை மூன்று வாரம் தள்ளிப்போட்டது;
படகுத்துறைத் திரைக்கு யாரும் சொல்லவில்லை.
நாற்பது பேர் மழையில் நின்றோம்,
எப்போதோ போய்விட்ட படகுக்காக.
அன்றிரவு எழுதினேன்
அறுநூற்றுப் பதினோரு வரிகள்.
ஊர் நேரம் மாறினால் கூடவே மாறும் சின்ன நிரல்.
பூட்டாமல் வைத்தேன்.
பூட்டுகிற அளவுக்கு
அதில் என்ன இருக்கிறது?

கட்டற்றது என்று எழுதிவைத்தேன்.
கட்டணமற்றது என்று படித்துக்கொண்டார்கள்.
போகட்டும்.
லியோனில் ரொட்டி அடுப்புகளுக்குள் போயிற்று,
ரீகாவில் டிராம் நிறுத்தங்களுக்கு,
எங்கோ ஒரு வயலின் தண்ணீர் வால்வுக்கு.
முகம் தெரியாத ஒருத்தி
சுடச்சுட ரொட்டி பிய்க்கும்போது
என் பதினேழாம் வரி ஓடி முடித்திருக்கும்.
இதைச் சொன்னால் என் தம்பி எலியாசர் கேட்கிறான்:
"ரொட்டிக்கு எவ்வளவு தருகிறார்கள்?"

கடிதம் தருகிறார்கள்.
போன ஆகஸ்டில் வந்தது,
கண்ணாடிக் கட்டடம் ஒன்றிலிருந்து:
"உங்கள் தயாரிப்பிலுள்ள பிழை குறித்து
இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விளக்கம் தேவை."
தயாரிப்பு!
நான் அப்போது ஈர யூகலிப்டஸ் விறகோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.
அடுப்பு புகைந்தது, நான் இருமினேன்.
அவர்களுடைய சட்டத்துறையில் மட்டும்
என் வரிகளைவிட அதிகம் பேர்.

பிழை உண்மைதான்.
கண்டுபிடித்தது அவர்கள் அல்ல, துல்மா.
மங்கோலியாவில், தார்கான் நகரத்துத் தடுப்பூசிக் கிடங்கில்
குளிர்பெட்டியின் எச்சரிக்கை மணி
நள்ளிரவைத் தாண்டும்போது தடுமாறி
ஒரு மணி நேரம் பிந்தி அடித்ததாம்.
"பெட்டி துடைப்பதும் சூடு குறிப்பதும் என் வேலை.
நிரல் எழுதத் தெரியாது.
திறந்துதானே கிடந்தது, படித்துப் பார்த்தேன்."
இருநூற்றுப் பதினான்காம் வரி.
'சிறியது' என்ற குறியை அடுத்து
'சமம்' விடுபட்டிருந்தது.
அவ்வளவுதான். ஒரு விரல் தட்டும் வேலை.

ஆயிரம் கண் பார்த்தால் பிழை தங்காது என்று
நானே மேடையில் பேசியிருக்கிறேன்,
வால்தீவியாவில், தேநீர் இடைவேளைக்கு முன்.
எட்டு வருடம் அந்த வரி
எல்லார் எதிரிலும் அம்மணமாய் நின்றது.
பக்கத்துக் கண் பார்த்திருக்கும் என்று
ஒவ்வொரு கண்ணும் தூங்கப் போயிற்று.
என்னுடையதும்.

இப்போது இன்னொருவர்.
ஊர் தெரியாது. 'நீர்க்காகம்' என்று புனைபெயர்.
ஐந்து மாதமாகத் திருத்தங்கள் அனுப்புகிறார்,
சலவைக்குப் போய் வந்த சட்டைபோல
மடிப்புக் கலையாமல்.
என் இருமலை விசாரிக்கிறார்.
"களைத்துவிட்டீர்கள். சாவியைக் கொடுங்கள்,
கொஞ்ச நாள் நான் சுமக்கிறேன்."
யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று
விடிய விடிய விழித்திருந்தவள்தான்.
சொன்னதும் வயிற்றில் ஏதோ நழுவியது.

துல்மாவையும் நான் பார்த்ததில்லை.
அவளை ஒரே இரவில் நம்பினேன்.
திறந்த கதவுக்கு ஆள் தராதரம் தெரியாது.
எனக்கு மட்டும் தெரிகிறதா என்ன?

ஆற்றில் எத்தனையோ படகுகள்.
தூர்வார ஒரே ஓர் இயந்திரம்,
அதை ஓட்டுகிறவர் பெயர்
எனக்கும் தெரியாது.

நேற்றிரவு நீர்க்காகத்தின் கடைசித் திருத்தத்தை
எழுத்தெழுத்தாய்ப் படித்தேன்.
முந்நூற்றெட்டாம் வரியில் ஒன்று இடறியது.
தவறென்று சொல்ல முடியாது.
தேவையென்றும் சொல்ல முடியாது.
"இது எதற்கு?" என்று மட்டும் எழுதினேன்.
பிறகு விறகு தீர்ந்தது,
நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டேன்.

விழித்ததும் திரையைப் பார்த்தேன்.
பதில் இல்லை.
தார்கானிலிருந்து ஒரு படம்:
குளிர்பெட்டியின் நெற்றியில் பச்சையாக
நான்கு டிகிரி.

கோரல் படகு
இன்று நிமிடம் பிசகாமல் புறப்பட்டது.
நான் அப்போதுதான்
செருப்பைக் கையில் பிடித்தபடி
துறைக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.