அறுபதில் நின்ற முள்

வெளியே வாடைக்காற்று
தகரத்தைப் பிடுங்கப் பார்க்கிறது.
நெடுந்தீவின் கல்வேலி இடுக்கெல்லாம் ஊளை.
குறிகாட்டுவானிலிருந்து படகு
விடிந்தாலும் வருமோ தெரியாது.
இவ்வளவு காற்று வைத்திருக்கிற தீவில்
நான் லீற்றர் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

சிலிண்டர் முள் அறுபதில்.
ஐந்தால் பெருக்கினால் முந்நூறு.
இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு விட்டால்
ஒன்றேகால் மணித்தியாலம்.
சாப்பாட்டுத் துண்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
முன்பக்கத்தில், உப்பில்லாக் கஞ்சி, ஒன்று.
மணி பதினொன்று நாற்பது.

தயாபரியை இடப்பக்கம் சரித்துக் கிடத்தியிருக்கிறோம்.
எட்டாம் மாதம். வலிப்பு நின்றுவிட்டது,
மருந்து அவளை ஆழத்தில் வைத்திருக்கிறது.
அடுத்த கட்டிலில் பெனடிக்ற்.
வள்ளத்துக்கும் இறங்குதுறைக்கும் நடுவில்
அகப்பட்ட தொடை.
நேராக்கி மட்டை கட்டவென்று தூங்கப்பண்ணினோம்.
கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே தூங்குகிறான்.

"ஆருக்கு, மிஸ்?" என்றார் டொக்டர் பைரவி.
கேள்வி இல்லை அது. அவருக்கும் தெரியும்,
அவளுக்குள் இன்னொருவர் வரிசையில் நிற்பது.
பெனடிக்ற்றின் மூக்குக் குழாயை நான்தான் கழற்றினேன்.
கழற்றிய கையை எங்கே வைப்பதென்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.

விரலில் மாட்டும் கருவியும் ஒன்றே.
அவளிடம் பார்த்து அவனிடம்,
அவனிடம் பார்த்து அவளிடம்.
அவன் சுட்டுவிரலில் எண் வரவில்லை.
டோர்ச்சைக் கிட்டப் பிடித்தேன்.
நகமெல்லாம் ரோசா நிறப் பூச்சு,
விளிம்பு தாண்டித் தோலிலும்.
"மகள் பூசினவள்," என்றான் மச்சான் அமலதாஸ்,
தன் பிழை போல.
சின்னிவிரலை மட்டும் பிள்ளை மறந்திருந்தாள்.
அதில் மாட்டினேன்.
எண்பத்தொன்பது.

குறட்டை அறுந்து அறுந்து வருகிறது.
நாக்கு பின்னால் விழுந்து கிடக்கிறது.
காற்று இருக்கிறது,
வாசல்தான் இல்லை.
அமலதாசின் விரல்களைப் பிடித்துக்
காதுக்குக் கீழே எலும்பின் மூலையில் வைத்தேன்.
"இப்பிடி முன்னாலை தூக்கும். விட்டிடாதையும்."
வலை இழுத்துக் காய்த்த விரல்கள்,
சவர்க்காரத்தையும் தாண்டி மீன் வெடுக்கு.
தொண்ணூறு.
தொண்ணூற்றிரண்டு.

தொண்ணூற்றிரண்டு எடுத்துக்கொண்டு போனால்
மிச்ச எட்டும் எங்கையெண்டு கேட்கிற வீட்டில்
வளர்ந்தவள் நான்.
இன்றைக்குப் போதும்.

அவளுக்கு ஒரு லீற்றர்.
இரண்டு மணிக்கு அரையாக்கினோம்.
திருகியைத் தொடுவதற்கு முன்
டொக்டர் குனிந்து வயிற்றில் காது வைத்தார்,
கருவி கழுத்தில் தொங்கியபடியே இருக்க.
பிறகு நினைவு வந்து அதையும் வைத்தார்.

நடுவில் ஒருக்கால் அவனுக்கு எண்பத்தைந்து.
பத்து நிமிடம் குழாயைத் திருப்பிக் கொடுத்தேன்.
இருபது லீற்றர். துண்டில் தனியே எழுதி
அடியில் கோடிட்டேன்,
ஆரோ வந்து கணக்குக் கேட்பார்கள் போல.

அமலதாசுக்குக் கை நடுங்கத் தொடங்க
சாரதி வந்து பிடித்தார்.
அவருக்குப் பிறகு நான்.
என் உள்ளங்கைகளுக்குள்
ஒரு மனிதனின் முழு மூச்சும் வெப்பமாக ஏறி இறங்க
கொட்டாவி வந்தது எனக்கு.
அதற்கும் வெட்கமாக இருந்தது.

ஐந்து மணி. முள் பத்தில்.
துறையடிக்கு எடுத்துக் கேட்டால்
"ஆறுக்குப் பாப்பம்" என்கிறார்கள்.
தயாபரி அசையவில்லை.
தொண்ணூற்றாறு, அரை லீற்றரில்.

பெனடிக்ற் எச்சில் விழுங்கினான்.
தாடையில் கிடந்த மச்சானின் கையை
ஈயைப்போலத் தட்டினான்.
கண் திறக்காமல் கேட்டான்:
"காத்து விழுந்திட்டுதோ?"

தகரம் ஒருமுறை அடித்து ஓய்ந்தது.
"இன்னும் இல்லையடா," என்றான் அமலதாஸ்,
விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தபடி.