சோலைவரி

காலாண்டுக்கு ஒருமுறை
நகரசபையின் காக்கிப் பையோடு
ஹட்டனை அடியிலிருந்து ஏறுகிறேன்.

பஸ் நிலையத்துக்கு எதிரே நகைக்கடை,
பகலிலும் கண்ணாடிக்குள் லைட் எரியும்.
முதலாளி துண்டை வாங்கிக்
கல்லாவுக்கு அடியில் செருகுவார்.
கடையின் முதுகில் ஓடை.
ஓடைக்கு மேலே பலகை வீடுகள்,
கால்களைச் சாக்கடைக்குள் ஊன்றிக்கொண்டு.
முகப்புக்கு இலக்கம் பதினேழு.
முதுகுக்கு ஒன்றுமில்லை.
நஸ்லியா தாத்தாவிடம் கொடுக்க என்னிடம்
"மழை வருது, ஏறிடுங்க" மட்டும்தான்.

நூற்றுப் பன்னிரண்டு படி.
டாக்டர் குலதுங்கவின் கேட்டில்
நாய்க்குக்கூட லைசன்ஸ் தகடு, இலக்கத்தோடு.
கேட்டைத் திறக்கிற பிள்ளை எங்கள் பக்கம்தான்,
தெரியாதவள் போலக் கையெழுத்து வைப்பாள்.
அதற்கும் மேலே பூட்டிய வீடு.
மெல்பனில் இருப்பவருக்கு
மூன்று வருடத்துத் துண்டுகள்
கதவடியில் ஒன்றின்மேல் ஒன்றாய்ப் பூஞ்சணம் பிடிக்கின்றன.

பனி இறங்குகிறது.
மேலே அது ஜன்னலோர அறை,
ஓர் இரவுக்குப் பதினெட்டாயிரம்.
கீழே, நாலு நாளாய்க் காயாத
பள்ளிக்கூடச் சட்டை.

மல்லியப்புச் சந்தி தாண்டி, கடைசியாக, லயம்.
பன்னிரண்டு காம்பரா, ஒரே தகரம்.
மழை பெய்தால் ஒழுக்கும் ஒன்றுதான்.
யாரோ வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் சுவராக நிற்கிறது.
ஏழு வரை டவுன்.
எட்டிலிருந்து தோட்டம்.
குப்பை ட்ராக்டர் ஏழாம் வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்.

எட்டாம் காம்பரா புஷ்பலீலா
இஸ்தோப்பில் நின்று கை நீட்டுகிறாள்.
"எங்களுக்கும் ஒண்ணு எழுதிக் குடு."
"அக்கா, இது காசு கட்டச் சொல்ற துண்டு."
"தெரியாமலா கேக்குறேன்? கட்டுறேன்.
நம்பர் போட்ட துண்டு இருந்தாத்தான்
டவுன் ஸ்கூல்ல புள்ளைய எடுப்பாங்களாம்.
கொழும்புலருந்து அவரு போடுற காயிதம்
தோட்டத்து ஆபீசுல கெடந்து கெடந்து
பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் வருது."

வரி கேட்டுத்தான் போயிருக்கிறேன் இத்தனை வருடமும்.
வரியைக் கேட்டு யாரும் நின்றதில்லை.
பையைத் துழாவுவதுபோல் துழாவினேன்.

ஒன்று மிச்சமிருந்தது.
சத்தியசீலனைச் சத்தியசிலனாக்கி அச்சடித்தது.
ஏழாம் காம்பராவுக்கு.
கொடுப்பவர், பெறுபவர்
இரண்டு கோட்டிலும் நானே ஒப்பமிட்டு
உள்ளே வந்து ஆணியில் குத்தினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம்
புஷ்பலீலா தேங்காய் துருவுகிறாள்.
ஆணியில் துண்டு
லேசாக ஆடுகிறது.