ஆடு வளக்குறீங்களா

ஒச்சம்மாள், முப்பத்தெட்டு, செல்லம்பட்டி.
சிவப்பு மூடிக் குழாயில்
இவ்வளவாகத்தான் என்னிடம் வந்தாள்.

மிச்சம் சீட்டில் இருந்தது.
மூன்று மாதக் காய்ச்சல்,
காலையில் இருக்காது, விளக்கு வைக்கையில் வரும்.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.
உசிலம்பட்டியில் டைபாய்டு என்றிருக்கிறார்கள்.
தேனி ரோட்டு கிளினிக்கில் டிபி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
ராத்திரி நனைந்த சேலையைப் பற்றி
ஒருவரும் எழுதவில்லை.

பெரியாஸ்பத்திரியில்தான்
தூக்கம் கெட்ட கண்ணோடு ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண்
கேட்டாளாம்: "ஆடு வளக்குறீங்களா?"

"பதினோரு உருப்படி, டாக்டரம்மா.
தையில ரெண்டு ஆடு குட்டி வீசிருச்சு.
எளங்கொடி விழுகல.
நாந்தேன் கைய விட்டு எடுத்தேன்."

வெள்ளை அட்டையில் ஒரு சொட்டு அவள்,
ஒரு சொட்டு ரோஜாச் சாயம்.
நான்கு நிமிடம் ஆட்டினேன்,
திரிந்த பால்போல் பொரிப்பொரியாய்க் கூடியது.
பிறகு குழாய் வரிசை:
இருபது, நாற்பது, எண்பது, நூற்றறுபது,
நீர்க்க நீர்க்க விடவில்லை.
அறுநூற்று நாற்பதிலும்
அந்தக் குட்டிகளை அவள் ரத்தம் மறக்கவில்லை.

மாட்டுக்கு வந்தால் கன்றுவீச்சு.
மனுசிக்கு வந்தால் தமிழில் பெயர் தெரியவில்லை,
புருசெல்லா என்று எழுதினேன்.

ஆறு வாரம், இரண்டு வகை மாத்திரை.
காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக் கூடாது.
பாலோடு விழுங்கக் கூடாது.
வெயிலில் நிற்கக் கூடாது.

அதற்குத்தான் சிரித்தாளாம்,
சித்திரையில், செல்லம்பட்டியில்
ஆடு மேய்க்கிறவள்.

மூன்றாம் நாள் ஓடி வந்தாள்.
"ஒண்ணுக்கு ரத்தமாப் போகுது, தாயி."
ரத்தமில்லைக்கா, மாத்திரைச் சாயம், பயப்படாதீங்க.
நின்றாள்.
"அப்ப ஆட்டுக்கு என்ன மாத்திரை?"
கால்நடை ஆஸ்பத்திரியில் கேளுங்க என்றேன்.
ஆட்டுக்கு எழுத மாட்டார்கள் என்று
எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள்
கல்ச்சர் மெஷின் கூவியது.
வெளியே வரிசை, உள்ளே நான் மட்டும்.
பாட்டிலில் எண்ணைப் பார்த்தேன், பெயரைப் பார்க்கவில்லை.
கண்ணாடிப் பெட்டிக்குள் திறக்க வேண்டியதை
மேசையிலேயே திறந்தேன்.

மூன்று வாரம் இப்போது எனக்கும்.
விளக்கு வைக்கையில் நாக்கடியில் தெர்மாமீட்டர்.
ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கையில்
நிழல் தேடுகிறேன்.
இன்று காலை அதே ஆரஞ்சு.
பயப்படாதீங்க என்று
அவளுக்குச் சொன்னது நான்தான்.